கம்பளி கடந்த கடல்

தலைமன்னாரில் கப்பல் ஏறினால் இராமேஸ்வரம் போய்ச் சேர அரை நாள் போதும். அந்த அரை நாள் பயணத்துக்குச் சாமான் கட்ட, இலங்கை மலையகத்தின் டிக்கோயாத் தேயிலைத் தோட்டங்களில் குடும்பங்கள் வருடக்கணக்கில் எடுத்துக்கொண்டன. விண்ணப்பம், கடவுச்சீட்டு, சேமலாப நிதிக் காசு, நாள் குறித்து வரும் கடிதம் என்று ஒவ்வொன்றாக வந்து சேரும்வரை காத்திருந்தார்கள். கடைசி வாரத்தில் தகரப்பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு எதை எடுப்பது, எதை விடுவது என்று பேசினார்கள். அம்மி போகாது. ஆட்டுக்கல் போகாது. சாமி படம் போகும். இவற்றில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. வழக்கு முழுவதும் ஒரு பொருளைப் பற்றித்தான்: கம்பளியைக் கட்டுவதா, கொடுத்துவிட்டுப் போவதா?

சாதாரணக் கறுப்புக் கம்பளி. சொரசொரவென்று இருக்கும், அடுப்புப் புகையும் மழைத் தண்ணீரும் கலந்து வீசும். விற்றால் பெரிய காசு கிடைக்காது. பெட்டியிலோ பாதி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அது போகிற இடத்தில் உதவுமா என்று சொல்ல, போகிற இடம் எதுவென்று தெரிந்திருக்க வேண்டும். பலருக்கு அது தெரியவில்லை. ஆகவே, இந்தக் கம்பளி எங்கே பிறந்து எப்படி டிக்கோயாவுக்கு வந்து எங்கே போனது என்று பார்த்தால், மலையகத்தாரின் இரண்டு கடல் பயணங்களும் அதில் தெரியும்.

ஆட்டுக்கூட்டத்திலிருந்து தோட்டத்துக்கு

கம்பளி பிறந்தது மலையில் இல்லை. தக்காணத்தின் வறண்ட மேட்டுநிலத்தில், பல்லாரி போன்ற பகுதிகளில், கறுப்பு மயிர் கொண்ட ஆடுகளோடு ஊர் ஊராகத் திரிந்த இடையர்களிடம் பிறந்தது. குருபர், குறும்பர் என்று இடத்துக்கேற்ப அழைக்கப்பட்ட அந்த மக்கள் ஆட்டின் மயிரைக் கத்தரித்தார்கள், பெண்கள் நூல் நூற்றார்கள், குழித்தறியில் ஆண்கள் நெய்தார்கள். சாயம் இல்லை, ஆட்டின் நிறமே துணியின் நிறம். பாவுநூலுக்குப் புளியங்கொட்டையை அரைத்துக் காய்ச்சிய கஞ்சியைத் தடவுவார்கள். அதனால் புதுக் கம்பளி விறைப்பாக நிற்கும். ஆட்டு மயிரில் இயல்பாக உள்ள மெழுகுப் பசையும் சேர்ந்துகொள்வதால் சிறுமழை அதன்மேல் உருண்டு ஓடிவிடும்.

மழை குறைந்த ஊரில் நெய்த துணிக்கு மழை கொட்டும் ஊரில் கிராக்கி வந்தது காப்பியால்தான். 19ஆம் நூற்றாண்டில் கண்டி மலைகளில் காடு வெட்டிக் காப்பி போட்டபோது திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கங்காணிகள் ஆள் திரட்டி வந்தார்கள். பஞ்சமும் கடனும் துரத்திய மக்கள். அவர்கள் அறிந்த குளிர், மார்கழிப் பனி மட்டுமே. பாக்கு நீரிணையைத் தோணியில் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே நடந்து மாத்தளைக்கு ஏறினார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். உயிரோடு வந்து சேர்ந்தவர்களிடம் இருந்தது உடுத்த துணியும் ஒரு சட்டியும். சாமான் கட்டுவது என்ற பேச்சுக்கே அந்தப் பயணத்தில் இடமில்லை.

டிக்கோயாப் பள்ளத்தாக்கு மற்ற இடங்களைவிடச் சற்றுப் பிந்தித் திறக்கப்பட்டது. 1869இல் இலைத்துரு நோய் இலங்கைக் காப்பியில் தென்பட்டு, அடுத்த சில ஆண்டுகளில் தோட்டங்களைத் தின்று தீர்த்தபோது, இங்கே போட்ட காப்பிக்கு வயது அதிகமில்லை. பிறகு தேயிலை வந்தது. கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 4,000 அடி; வைகாசியில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை புரட்டாசிவரை விடாது. காப்பிக்குப் பழம் பறிக்கும் பருவத்தில்தான் ஆள் நிறைய வேண்டும். தேயிலைக்கோ வருடம் முழுவதும் வேண்டும். மழையிலும் கொழுந்து வளரும், மழையிலும் எடுக்க வேண்டும். தேயிலையோடு கம்பளியும் இங்கே நிரந்தரக் குடியானது.

தோட்டம் அதைச் சும்மா கொடுக்கவில்லை. புதிதாக வந்தவருக்கு அரிசியும் கம்பளியும் கொடுத்து, விலையைப் பற்று வரவில் எழுதிக்கொண்டார்கள். கங்காணியிடம் வாங்கிய முன்பணம், வழிச்செலவு, கம்பளி எல்லாம் ஒரே கணக்கில் சேர்ந்தன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகர டிக்கெட் முறை வந்தது. எந்தத் தோட்டத்துக்குப் போகிறவர் என்று குறித்த தகரத் துண்டைக் கழுத்தில் மாட்டி அனுப்புவார்கள். வழிச்செலவைத் தோட்டம் கட்டிவிட்டுத் தொழிலாளியின் பேரில் கடனாக எழுதும். 1921இல் சட்டம் மாறும்வரை, கடனைக் கட்டினால் ஆளை விடுவிப்போம் என்று தோட்டம் எழுதித் தரும் துண்டுச் சீட்டு வழக்கில் இருந்தது. துண்டு இல்லாமல் வேறு தோட்டம் போக முடியாது. குளிருக்குப் போர்த்திய கம்பளியே ஆளைத் தோட்டத்தோடு கட்டிப்போடும் கயிற்றில் ஒரு இழையாகவும் இருந்தது.

1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டுத் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் நீராவிக் கப்பல்கள் ஓடத் தொடங்கியதும் வழி மாறியது. சென்னையில் ஏறினால் ரயில், கப்பல், மறுபடி ரயில் என்று கொழும்புவரை ஒரே தொடர். இலங்கை அரசு மண்டபத்தில் முகாம் நடத்தி, தோட்டத்துக்கு வருகிறவர்களை அங்கே தங்கவைத்து நோய் இல்லை என்று பார்த்த பிறகே கப்பல் ஏற்றியது. ஆள் சேர்க்கும் இலங்கைத் தொழில் ஆணையத்தின் தலைமையகம் திருச்சியில் இருந்தது. இந்த இரண்டு ஊர்ப் பெயர்களையும் நினைவில் வைக்க வேண்டும். கம்பளி திரும்பிப் போகையில் இவற்றின் வழியேதான் போகும்.

காம்பராவில் ஒரு ஆயுள்

விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துக்குப் போகும்போதே கம்பளி தலையில் ஏறிவிடும். நீளவாக்கில் மடித்து ஒரு மூலையை உள்ளே தள்ளினால் கொங்காணி. அது தலையையும் முதுகையும் மூடும். அதன் மேலே கூடைக் கயிறு நெற்றியில் அமரும். இடுப்பில் சாக்குப் படங்கைச் சுற்றிக் கட்டினால் கீழ்ப் பகுதிக்கும் காப்பு. மழையில் கம்பளி நனையாமல் இருக்காது, நாள் முழுக்கப் பெய்தால் ஊறிக் கனக்கும். ஆனால் ஆட்டு மயிர் தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்ட பிறகும் தொட்டால் சில்லென்று இராது. ஈரத்தை வாங்கும்போது அது சிறிது சூட்டையும் வெளிவிடும். பருத்தித் துணி நனைந்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சும். கம்பளி நனைந்தாலும் காக்கும். குளிர்ந்த கடலில் போகும் மாலுமிகள் உலகம் முழுவதும் கம்பளிச் சட்டை போட்டதும் இதே காரணத்தால்தான். டிக்கோயாவில் கொழுந்து எடுத்த பெண்களுக்கு இதை யாரும் சொல்லித்தரத் தேவை இருக்கவில்லை.

மாலையில் கம்பளி வரிசை வீடான லயத்துக்கு வரும். 10 அடிக்கு 12 அடி காம்பரா, அதாவது ஒற்றை அறை. ஒரு குடும்பம், சில வேளை இரண்டு. அடுப்பு மேலே கட்டிய கயிற்றில் கம்பளி காயும். காய்ந்தபின் அதுவே பாய்க்கு மேல் விரிப்பு, விரிப்புக்கு மேல் போர்வை. புதுமணத் தம்பதிக்கு அதையே குறுக்கே கட்டித் தடுப்பாக்கினார்கள். பிள்ளை பெற்றவளுக்கு ஒன்று. காய்ச்சல்காரனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகையில் மூங்கிலில் கட்டினால் தொட்டில்போல ஒன்று. இழவு வீட்டில் இஸ்தோப்பு என்ற முன்திண்ணையில் விரித்து உட்கார ஒன்று. புதியது பெரட்டுக்கும் பழையது பாய்க்கும் கிழிந்தது குழந்தைக்கும் என்று ஒரே கம்பளி வரிசையாகப் பல உத்தியோகம் பார்த்தது. அதனால்தான் பெட்டி கட்டும் நாளில் அதற்கு விலை சொல்ல முடியாமல் போனது.

தில்லியில் போட்ட கணக்கு

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. பதினாறு ஆண்டுகள் கழித்து, 1964 அக்டோபர் 30 அன்று, புதுதில்லியில் இரு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள். நாடற்றவர் 9,75,000 பேர் என்று கணக்கிட்டார்கள். 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்றார்கள். 1974இல் இந்திரா காந்தி காலத்தில் அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஏழு பேர் போனால் நாலு பேருக்கு இங்கே குடியுரிமை என்பது ஒப்பந்தத்தின் விகிதம். யார் அந்த ஏழில், யார் அந்த நாலில் என்பது லயத்தில் ஒரே காம்பராவைக்கூட இரண்டாகப் பிளந்தது.

ஒப்பந்தம் சாமானைப் பற்றியும் பேசியது. போகிறவர்கள் தங்கள் சொத்தை, சேமலாப நிதியும் பணிக்கொடையும் உட்பட, கொண்டுபோகலாம். ஒரு குடும்பம் கொண்டுபோகக்கூடிய உச்ச வரம்பை 4,000 ரூபாய்க்குக் கீழே குறைக்க மாட்டோம் என்று இலங்கை ஒத்துக்கொண்டது. காசுக்கு வரம்பு எழுதிய அந்தத் தாளில், இறங்குகிற இடம் மலையா சமவெளியா என்ற ஒரு வரி இல்லை. அது இருந்திருந்தால் கம்பளி வழக்கு ஒரே நாளில் தீர்ந்திருக்கும்.

ஒப்பந்தம் எழுதி இரண்டு மாதம் முடிவதற்குள், 1964 டிசம்பர் 22 இரவு, புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன்பின் கப்பல் இராமேஸ்வரத்திலிருந்தே ஓடியது. அந்தக் கப்பலின் ‘இராமானுஜம்’ என்ற பெயர் மலையகத்தில் அந்தத் தலைமுறைக்கு மறக்காது.

முதல் சில ஆண்டுகள் போக்கு மந்தமாக இருந்தது. 1970களில் தோட்டங்களில் பஞ்சம் வந்தது. 1973, 74இல் மாவுக்கும் அரிசிக்கும் வழியின்றிப் பட்டினியில் செத்தவர்கள் உண்டு. தோட்டங்களை அரசு எடுத்துக்கொண்டது. 1977இல் கலவரம். ‘ஊருக்கே போயிடலாம்’ என்ற பேச்சு அப்போது வலுத்தது. கண்டியிலிருந்த இந்தியத் துணைத் தூதரகத்துக்கு நடையாய் நடந்து கடவுச்சீட்டு வாங்கினார்கள். குடும்ப அட்டை வந்தது. தோட்டத்து வேலை, வியாபாரக் கடன், ஆலை வேலை என்று பலவகைத் திட்டங்கள் சொல்லப்பட்டன. காலக்கெடு போட்ட வெளியேற்ற அறிவித்தலும் வந்தது.

அப்போது பெட்டி திறந்தது. மாட்டையும் கோழியையும் விற்றார்கள். காய்கறிப் பாத்தியைப் பக்கத்துக் காம்பராக்காரரிடம் விட்டார்கள். பித்தளைக் குடம், புதுச் சேலை, தேயிலைத் தூள், பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சான்று, பிறப்புச் சான்று, நிதிக் கடுதாசி. காகிதங்களைப் பெட்டியின் அடியில் வைப்பதா மடியில் வைப்பதா என்பதற்குக்கூட ஒரு யோசனை இருந்தது. கேட்கும்போது எடுக்க வேண்டும், நனையவும் கூடாது. கம்பளிக்கு வந்ததும் பேச்சு நின்றுவிடும்.

‘அங்க வெயிலு கொளுத்தும், கம்பளி எதுக்கு?’ என்றார்கள் முன்னோரின் திருச்சியைக் கதையாகக் கேட்டிருந்த பெரியவர்கள். ‘நீலகிரியில நம்மள மாதிரியே தேயிலை மலை இருக்காம், குளிரு இதவிட ஜாஸ்தியாம்’ என்றார்கள் முன்னே போனவர்களின் கடிதம் படித்தவர்கள். பெண்கள் மூன்றாவது வழி கண்டுபிடித்தார்கள். குடத்தையும் சட்டியையும் கம்பளியில் சுற்றிக் கட்டினார்கள். போர்வையாக உதவாவிட்டாலும் போகிற வழியில் பாத்திரத்துக்கு அடிபடாமல் காக்கும். போகிற இடம் தெரியாதவர்களுக்கு அதைவிடச் சரியான மூட்டை கிடையாது.

இறங்கு வழி

ஹட்டன் ஸ்டேஷன் கடல்மட்டத்துக்கு மேல் 4,141 அடி உயரத்தில் இருக்கிறது. டிக்கோயாவிலிருந்து லொறியிலும் பஸ்ஸிலும் பெட்டிகளோடு அங்கே வந்து சேர்ந்தவர்களை வழியனுப்பத் தோட்டமே திரண்டுவரும். ரயில் நகரும்போது எழும் அழுகைக்காக அந்த ரயிலுக்கே ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று பெயர் விழுந்தது, பின்னாளில் மு. சிவலிங்கம் தன் சிறுகதைத் தொகுப்புக்கு அந்தப் பெயரையே வைத்தார். கோச்சி மலையை விட்டு இறங்கிப் பொல்கஹவலைச் சந்திக்கு வரும்போதே காற்று சூடாகிவிடும். அங்கிருந்து மாஹோ, அனுராதபுரம், மதவாச்சி வழியே வடக்கே, பிறகு மேற்கே திரும்பி மன்னார் தீவின் முனைவரை. ஒரு நூற்றாண்டுக்கு முன் முப்பாட்டன் நடந்து ஏறிய வறண்ட காட்டை, பேரன் ஜன்னலோரம் உட்கார்ந்து எதிர்த்திசையில் கடந்தான்.

தலைமன்னாரில் சுங்கக்காரர்கள் பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள். மாதக்கணக்கில் யோசித்து அடுக்கியது ஐந்து நிமிடத்தில் தரையில் கிடக்கும். கம்பளியை உதறிப் பார்ப்பார்கள். உள்ளே நகை தைத்திருக்கிறதா என்று தடவுவார்கள். மறுபடி கட்டும்போது எதுவும் பழைய இடத்தில் அடங்காது. கப்பலில் பெரும்பாலோர் அப்போதுதான் முதல் தடவையாகக் கடலைப் பார்த்தார்கள். மேல்தளத்தில் கம்பளியை விரித்துப் பிள்ளைகளை உட்காரவைத்தார்கள். உப்புக் காற்றும் வெயிலும் அதன் புகை நாற்றத்தைக் கிளப்பின. பாக்கு நீரிணை ஆழமில்லாத, வெதுவெதுப்பான கடல். குளிருக்கு நெய்த துணிக்கு அங்கே வேலை இல்லை.

இராமேஸ்வரத்தில் இறங்கினால் மண்டபம் முகாம். முன்பு இலங்கைக்குப் போகிறவர்களைத் தங்கவைத்த அதே முகாம், இப்போது திரும்பி வருகிறவர்களைத் தங்கவைத்தது. அங்கிருந்து பலர் திருச்சி கொட்டப்பட்டு முகாமுக்குப் போனார்கள். ஆள் சேர்த்து அனுப்பிய ஊரே ஆளைத் திரும்ப வாங்கிக்கொண்டது. கொட்டப்பட்டு வெயிலில் கம்பளியைப் பார்த்தாலே உடம்பு கொதித்திருக்கும். அதைக் கொண்டுவந்ததற்காகக் குடும்பத்துக்குள் சண்டை வந்த இடம் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

அங்கிருந்து கம்பளிக்கு இரண்டு கதி. வியாபாரக் கடன் திட்டத்தில் சமவெளி ஊர்களுக்குப் போனவர்களிடம் அது மூட்டைத் துணியாகி, சாக்காகி, இல்லாமல் போனது. பழக்கமில்லாத வியாபாரம் நொடித்தபின் அவர்களில் பலர் மறுபடி மலையைத் தேடி ஏறினார்கள். கொடைக்கானல் காடுகளில் மரம் வெட்டப் போய்க் கொத்தடிமைகளாகச் சிக்கியவர்களும் உண்டு. கம்பளியைக் கீழே இழந்துவிட்டு மேலே குளிரில் நின்றவர்கள் அவர்கள்.

தோட்ட வேலைத் திட்டத்தில் வந்தவர்களின் கம்பளி நேரே நீலகிரிக்கு ஏறியது. தாயகம் திரும்பியோருக்காகவே தமிழக அரசு 1968இல் தேயிலைப் பயிரைத் தொடங்கியிருந்தது. அதுதான் பிறகு டான்டீ நிறுவனம். குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர், சேரம்பாடி. கூடலூர் 3,500 அடி. தென்மேற்குப் பருவமழையில் டிக்கோயாவுக்குச் சளைத்ததில்லை. குன்னூர் 6,000 அடி; மார்கழி, தையில் மேல் நீலகிரியின் பள்ளங்களில் உறைபனியே விழும், டிக்கோயா அறியாத குளிர் அது. அங்கே கம்பளி மறுபடி கொங்காணியானது. அதே கூடை, அதே கொழுந்து, அதே லயம். ‘சிலோன்காரங்க’ என்ற புதுப் பெயர் ஒன்றுதான் கூடுதல்.

இலங்கைக் குடியுரிமை கிடைத்த நாலில் ஒருவராய் டிக்கோயாவிலேயே நின்றவர்களிடம் மிஞ்சிய கம்பளிகளும் உண்டு. பெட்டி கட்டிவைத்துவிட்டுப் போகாமலே போனவர்களும் உண்டு. 1983 கலவரத்தையும் போரையும் தொடர்ந்து கப்பல் நின்றது. அதுவரை மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் கடந்திருந்தார்கள். இந்தியக் கடவுச்சீட்டோடு இங்கே அகப்பட்டுக்கொண்டவர்களின் நிலை நேராவதற்கு 2003ஆம் ஆண்டின் சட்டம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இருபது வருடம் கட்டிய பெட்டியை அவிழ்த்துவிட்டார்கள்.

இன்றைக்குப் பெட்டி கட்டினால்

இன்று டிக்கோயா மலைகளில் கறுப்புக் கம்பளியைக் காண்பது அரிது. பிளாஸ்டிக் மழைச்சட்டையும் ஆலைப் போர்வையும் அதன் இடத்தைப் பிடித்துவிட்டன. கப்பல் மட்டும் வேறு வழியில் திரும்பியிருக்கிறது. 2023 அக்டோபர் 14இல் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையில் ‘செரியபாணி’ ஓடத் தொடங்கி, வடகிழக்குப் பருவக்காற்று நெருங்கியதும் சில நாளிலேயே நின்றது. 2024 ஆகஸ்ட் 16 முதல் ‘சிவகங்கை’ அதே தடத்தில் ஓடியது. ஏறத்தாழ நாலு மணி நேரம். காங்கேசன்துறையிலிருந்து தெற்கே வரும் ரயில் பொல்கஹவலையைத் தொடும். அங்கே மாறினால் ஹட்டன். ஒப்பாரிக் கோச்சி இறங்கிய தண்டவாளத்திலேயே கூடலூரில் பிறந்த பிள்ளைகள் ஏறி வரலாம்.

அப்படி வருகிறவர் என்ன எடுத்துவர வேண்டும்? ஐப்பசி, கார்த்திகையில் கப்பலை நம்பித் திட்டம் போடக் கூடாது. கடல் கொந்தளித்தால் ரத்தாகும். பயணம் வெயிலில், சேருமிடம் குளிரில். ஆகவே கம்பளிச் சட்டையைப் பெட்டிக்குள் அடியில் போடாமல் கைப்பையில் மேலாக வைத்தால் ஹட்டனில் இறங்கும்போது கைக்கு வரும். ஆனியில் வந்தால் மழைக்கோட்டும் வேண்டும். கடவுச்சீட்டும் விசாவும் மடியில்.

இந்தப் பட்டியல் எளிதாக இருப்பதற்குக் காரணம், போகிற இடத்தை அவரே தேர்ந்துகொண்டார் என்பதுதான். அங்கே எத்தனை பாகை குளிர் என்று அவருக்குத் தெரியும். அன்று திட்டம் போட்டவர்கள் கொழும்பிலும் தில்லியிலும் இருந்தார்கள்; மூட்டை கட்டியவர்கள் டிக்கோயாவில் இருந்தார்கள். 5,25,000 என்று எண்ணத் தெரிந்தவர்களுக்கு, அந்த எண்ணில் ஒருத்தி தன் கம்பளியை எடுத்துவர வேண்டுமா என்று கேட்டால் சொல்லப் பதில் இருக்கவில்லை. ஒரு மக்கள் கூட்டத்தை இடம்பெயர்க்கும் எந்தத் திட்டத்தையும் இந்தக் கேள்வியை வைத்தே சோதித்துப் பார்க்கலாம். இன்றைய பயணச்சீட்டில் போகும் தேதிக்குப் பக்கத்தில் திரும்பும் தேதியும் அச்சாகி வருகிறது. கம்பளி கடந்த இரண்டு தடவையும் அது இருக்கவில்லை.